வாத்து விழாத துப்பாக்கி

"மாமா, துப்பாக்கி ரிப்பேர். எத்தனை தடவை சுட்டாலும் வாத்து விழ மாட்டேங்கு."

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பழைய வீடியோ கேம்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கவில்லை, கையில் எடுத்து ஆடலாம். தொண்ணூறுகளில் நம் வீடுகளில் இருந்ததே, கேசட் செருகி ஆடும் பெட்டி, அதுவும் அதன் பிளாஸ்டிக் துப்பாக்கியும் ஒரு மேசையில் இருந்தன. அக்கா மகன் அங்கேயே குடியிருந்தான். துப்பாக்கியில் ஒரு கோளாறும் இல்லை. வினை, சுவரில் மாட்டியிருந்த புத்தம்புது எல்இடி டிவியால் வந்தது.

ஆனித் தேரோட்ட சமயத்தில் நெல்லை பொருட்காட்சியில் பலூன் சுட்டிருப்பீர்கள். அங்கே குண்டு துப்பாக்கியிலிருந்து பலூனுக்குப் போகும். இங்கே எல்லாம் தலைகீழ். துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. டிவியின் வெளிச்சம்தான் துப்பாக்கிக்குள் வருகிறது. குழலுக்குள் ஒரு லென்ஸ், அதன் பின்னால் ஒளியை உணரும் ஒரு சின்னச் சில்லு. ஒற்றைக் கண் என்றே சொல்லலாம்.

அதுவும் மங்கல் கண். வெளிச்சம், இருட்டு இரண்டு மட்டுமே தெரியும். அதற்கு வாத்து எங்கே தெரியப் போகிறது? 1984-இல் வந்த, ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோவின் 'டக் ஹன்ட்' விளையாட்டு இதற்கு ஒரு தந்திரம் செய்தது. டிரிக்கரை அழுத்தியதும் திரை முழுக்கக் கறுப்பாகும். அடுத்த நொடித்துணுக்கில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்று கண் பார்த்தால் வாத்து காலி. இரண்டு வாத்து பறந்தால் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வெளிச்சம் எப்போது வந்தது என்பதை வைத்தே எந்த வாத்து என்று பெட்டி கண்டுபிடித்துவிடும். நம் ஊர் டிவியில் நொடிக்கு 50 முறை படம் மாறும். ஆக ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைப்பது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. நம் கண்ணுக்கு லேசாக மின்னிய மாதிரி தோன்றும், அவ்வளவுதான்.

பழைய பிக்சர் டியூபில் ஒரு எலக்ட்ரான் கற்றை, வரி வரியாக மேலிருந்து கீழே படம் வரையும். நொடிக்குச் சுமார் 15,600 வரிகள். பட்ட இடம் பளிச்சென்று ஒளிர்ந்து உடனே மங்கும். நிண்டெண்டோ துப்பாக்கிக்குள் இருக்கும் மின்சுற்று இந்த வேகத் துடிப்புக்குத்தான் காது கொடுக்கும். நொடிக்கு 100 முறை மட்டுமே துடிக்கும் டியூப்லைட்டைச் சீந்தாது.

எல்இடி டிவியில் அந்த வரித் துடிப்பே கிடையாது. பின்னாலிருந்து விளக்கு விடாமல் எரிகிறது. போதாக்குறைக்கு, வந்த படத்தைச் சரிசெய்து காட்டவே அது கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும். பெட்டி "தெரிகிறதா?" என்று கேட்டு முடித்த பிறகுதான் வெள்ளைக் கட்டம் வந்து நிற்கும்.

சாயங்காலம் யாரோ ஒரு வாத்தியார் வீட்டுப் பரணிலிருந்து குண்டு டிவி ஒன்றை இரண்டு பேராகத் தூக்கி வந்தார்கள். முதல் சூட்டிலேயே வாத்து விழுந்தது. பயல் உடனே துப்பாக்கியைக் கூரை விளக்கைப் பார்த்துத் திருப்பிச் சுட்டுப் பார்த்தான். பலிக்கவில்லை. 1972-இல் வந்த, வீட்டு வீடியோ கேம்களுக்கெல்லாம் மூத்த 'ஒடிஸி'யின் துப்பாக்கி இதில் ஏமாறும், பல்பைக் காட்டினாலே குறி தப்பாது என்றேன்.

"அப்போ அதைக் கொண்டாந்திருக்கலாம்லா!"