கரிக்கட்டைக்குள் ஒரு லேவியராகமம்

"புனித பூமிப் பயணத்தில் என்கேதியும் இருக்கிறது. தாவீது ஒளிந்த மலையைத் தவிர அங்கே வேறென்ன பார்க்க?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சாக்கடலின் மேற்குக் கரையிலிருக்கும் அந்தச் சோலையில், யூதர்களின் பழைய ஜெப ஆலயம் ஒன்றின் தரையைப் பாருங்கள். பல வண்ணச் சிறுகற்கள் பதித்த தரை. பறவைகளோடு ஒரு சாபமும் அதில் இருக்கிறது: ஊரின் ரகசியத்தை வெளியே சொல்பவன் வேரோடு அழிவான்! வாசனைப் பிசின் செய்யும் பக்குவம்தான் அந்த ரகசியம் என்பது பலருடைய ஊகம்.

சாபம் ஊரைக் காப்பாற்றவில்லை. கி.பி. 600 வாக்கில் எல்லாம் எரிந்துபோனது. 1970இல் அகழ்ந்தபோது, வேதச் சுருள்கள் வைக்கும் பேழையில் கரித்துண்டுகள் கிடைத்தன. தொட்டால் உதிரும். ஆனாலும் யாரும் தூக்கி எறியவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகள் அப்படியே பத்திரப்படுத்தினார்கள். 'இதனால் உடனே என்ன பயன்?' என்று கேட்டே ஆய்வுக்கு நிதி ஒதுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பிறகு இஸ்ரேலில் நுண் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவமனையில் எடுப்பதே, இன்னும் நுணுக்கமாக. அந்தத் தரவு அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் கணினி அறிஞர் பிரென்ட் சீல்ஸ் குழுவிடம் போனது. எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான்.

பரோட்டாவுக்கு மாவைச் சுருட்டி வைத்திருப்பார்களே, அதைக் குறுக்கே வெட்டினால் ஒரு சுழிக்கோடு தெரியும். ஸ்கேனின் ஒவ்வொரு வெட்டிலும் சுருளின் தோல் அப்படித்தான் தெரிகிறது. எழுத்து எதுவும் தெரியாது. கோட்டின் மேல் அங்கங்கே கொஞ்சம் பிரகாசமான புள்ளிகள் மட்டும். கணினி அந்தக் கோட்டை அடுத்த வெட்டிலும், அதற்கடுத்த வெட்டிலும் தொடர்ந்து போகிறது. கோடுகள் சேர்ந்தால் வளைந்த ஒரு தாள். அந்தத் தாளின் ஒவ்வொரு புள்ளிக்கும், ஸ்கேனில் அதே இடத்திலிருக்கும் பிரகாசத்தைப் பூசுகிறார்கள். கடைசியில், புள்ளிகளுக்கு நடுவிலுள்ள தூரம் அதிகம் கெடாமல் தாளைத் தட்டையாக விரிக்கிறார்கள். புள்ளிகள் வரிசையாக நின்று எபிரேய எழுத்தாகின்றன! துண்டுதுண்டாகச் செய்து ஒட்டியதுதான். நிஜச் சுருளை யாரும் பிரிக்கவேயில்லை.

இதில் அதிர்ஷ்டமும் உண்டு. மை தோலைவிட அடர்த்தியானது, அதில் உலோகம் இருந்திருக்கலாம்; அதனால்தான் எக்ஸ்-கதிரில் மின்னியது. வெசுவியஸ் எரிமலை புதைத்த ரோமானிய ஊரான எர்குலேனியத்தில் கிடைத்த கருகிய சுருள்களில் பெரும்பாலும் கரி மை. அங்கே கரிக்குள் கரியைத் தேட வேண்டும்.

2015இல் முதல் சில வசனங்கள் வெளிவந்தன, 2016இல் முழு ஆய்வுக் கட்டுரை. பைபிளின் மூன்றாம் நூலான லேவியராகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்கள். கரிமக் காலக்கணிப்புப்படி கி.பி. 3–4ஆம் நூற்றாண்டு. எழுத்தின் வடிவத்தை வைத்து இன்னும் பழையது என்பாரும் உண்டு. இடைக்கால எபிரேயப் பிரதிகளோடு ஒவ்வொரு மெய்யெழுத்தும் ஒத்துப்போகிறது. உயிர்க்குறிகள்தான் கிடையாது.

முதல் அதிகாரம் எதைப் பற்றியது தெரியுமா? சர்வாங்க தகனபலி. மிச்சமில்லாமல் எரித்துவிடும் காணிக்கை.