பெயின்ட்பால் பாட்டில்: டெஸ்ட் தேதி வேறு, ஆயுள் வேறு

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் சிலிண்டர் ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் அழுத்தம் ஏற்றிச் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருவது பெரும்பாலும் ஆக்சிஜன் சிலிண்டர், தீயணைப்பு சிஓ2, ஆட்டோவில் இருந்து கழற்றிய சிஎன்ஜி டேங்க். கொஞ்ச காலமாக அவற்றின் நடுவே கைக்கு அடக்கமான சின்ன பாட்டில்களும் வருகின்றன. சாய உருண்டையை ஒருவர் மேல் ஒருவர் சுட்டு விளையாடும் பெயின்ட்பால் துப்பாக்கியின் பின்னால் மாட்டுவது. ஏலகிரி பக்கம் விளையாட்டுத் திடல் வைத்திருப்பவர்கள் கொண்டுவருகிறார்கள். சனி ஞாயிறு விளையாடப் போகும் காலேஜ் பையன்கள் தாங்களே ஆன்லைனில் வாங்கியதையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

பாட்டில் சின்னது என்பதால் யாருக்கும் பயம் வருவதில்லை. வீட்டு சமையல் காஸ் சிலிண்டரில் அழுத்தம் வழக்கமாக 10 பாருக்குள்தான் இருக்கும். கார்பன் ஃபைபர் சுற்றிய பெயின்ட்பால் பாட்டிலில் காற்று 4500 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 310 பார். அலுமினிய பாட்டில் என்றால் 3000 பி.எஸ்.ஐ. சட்டமும் இதை விளையாட்டுச் சாமானாகப் பார்க்கவில்லை. 2016ஆம் ஆண்டு எரிவாயு உருளை விதிகள் 500 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவு உள்ளதையெல்லாம் சிலிண்டர் என்றே எடுத்துக்கொள்கின்றன. கடையில் 48 (கன அங்குலம்) என்று விற்கும் பாட்டில் கிட்டத்தட்ட 790 மில்லி. அமெரிக்க முத்திரை மட்டும் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், இங்கே நிரப்ப மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அங்கீகாரம் வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கவுண்டரில் அடிக்கடி கேட்கும் வாக்கியம்: “போன வருஷம்தான் சார் டெஸ்ட் பண்ணோம், இன்னும் நாலு வருஷம் இருக்கு.” அலுமினிய பாட்டிலுக்கு இது பெரும்பாலும் சரி. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை டெஸ்டில் தேறிக்கொண்டே இருந்தால் அதற்கென்று கடைசித் தேதி கிடையாது. கார்பன் ஃபைபருக்கு அப்படி இல்லை. அமெரிக்க அனுமதியில் வரும் பாட்டில்களில் பெரும்பாலானவற்றுக்கு, தயாரித்த மாதத்தில் இருந்து 15 ஆண்டுதான் ஆயுள். 2011 மார்ச்சில் செய்த பாட்டில் 2025 ஜனவரியில் டெஸ்டில் தேறியிருந்தால், காகிதத்தில் 2030 வரை இடம் இருப்பதுபோல் தெரியும். ஆனால் 2026 மார்ச்சோடு அதன் கதை முடிந்தது. டெஸ்ட் எதையும் நீட்டிக்காது. அலுமினியத்தில் தயாரித்த தேதியும் டெஸ்ட் தேதியும் தோள்பட்டையில் குத்தியிருக்கும், கார்பனில் மேல்பூச்சுக்கு அடியில் உள்ள லேபிளில் இருக்கும். லேபிள் கிழிந்து தேதி படிக்க முடியவில்லை என்றால் நாங்கள் டெஸ்டுக்கே எடுப்பதில்லை.

டெஸ்டில் என்ன நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பாட்டிலை தண்ணீரால் நிரப்பி, தண்ணீர் நிறைந்த இன்னொரு தொட்டிக்குள் இறக்கி மூடுவோம். பிறகு வேலை அழுத்தத்தைவிட மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாக ஏற்றுவோம். 3000 பாட்டிலுக்கு 5000, 4500 பாட்டிலுக்கு 7500. பாட்டில் உப்பும்போது தொட்டியில் இருந்து தள்ளப்படும் தண்ணீர் கண்ணாடிக் குழாயில் ஏறும். அழுத்தத்தை விட்டதும் அது இறங்க வேண்டும். முழுக்க இறங்காமல் நிற்கும் அளவு, உப்பிய அளவில் 10 சதவீதத்தைத் தாண்டினால் அலுமினியம் கழிவு. கார்பனுக்கு 5 சதவீதம்தான். தண்ணீர் அவ்வளவாக அமுங்காது, அதனால் வெடித்தாலும் சிதறாது. காற்றை வைத்து இதே டெஸ்டை ‘சும்மா பார்த்துடலாம்’ என்று கம்ப்ரஸர் கடையில் செய்வது தற்கொலைக்குச் சமம்.

ஆனால் இந்தப் பாட்டில்கள் கெடுவது பெரும்பாலும் இரண்டு டெஸ்டுக்கு நடுவில்தான்.

முதலில் சிஓ2. இன்னும் பல இடங்களில் மலிவு என்று காற்றுக்குப் பதில் இதைத்தான் ஓட்டுகிறார்கள். 20 டிகிரியில் இதன் அழுத்தம் 57 பார், பெரிய சங்கதி இல்லை. 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று ஒன்றே இருக்காது, அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். பாட்டில் கொள்ளளவில் ஒரு லிட்டருக்கு 680 கிராம் என்று சரியாக நிரப்பியிருந்தால் 40 டிகிரியில் சுமார் 110 பார், 50இல் சுமார் 150, 60இல் 180ஐத் தொடும். சிஓ2 பாட்டில்களின் டெஸ்ட் அழுத்தமே 207 பார்தான். மே மாதம் காட்பாடியில் வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே 60 டிகிரி ஒன்றும் அதிசயம் இல்லை. வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்! தராசு இல்லாமல் கண்மதிப்பில் கூடுதலாக ஏற்றியிருந்தால் அந்த சூட்டில் டெஸ்ட் அழுத்தத்தையே தாண்டிவிடும். அப்போது நம்மைக் காப்பது வால்வின் பக்கவாட்டில் இருக்கும் மெல்லிய செப்புத் தகடு. அது கிழிந்து காஸை வெளியே விடும். “அடிக்கடி போகுது சார்” என்று அதற்குப் பதில் இரண்டு தகடு அடுக்கிப் போட்ட பாட்டில்களைப் பார்த்திருக்கிறேன். போவதுதான் அதன் வேலை.

அடுத்தது பவுடர் கோட்டிங். ஒரு ரிசார்ட்டில் இருந்து பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் அலுமினிய பாட்டில்கள் வந்தன. அலாய் வீலுக்கு அடிக்கும் கடையில் கொடுத்து அடித்தார்களாம். அந்த அடுப்பு 180, 200 டிகிரியில் ஓடும். அலுமினிய சிலிண்டர் 177 டிகிரியைத் தாண்டினாலே அதற்குக் கொடுத்த பதம் போய்விட்டதாகக் கருதிக் கழித்துவிட வேண்டும். ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை. அவர்களுக்கு வருத்தம்தான். பெயின்ட் உரிந்தால் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், அடுப்பில் வைக்காதீர்கள். கார்பன் பாட்டிலில் தின்னர், பேட்டரி ஆசிட் எதுவும் படக்கூடாது. தோல் ஷெட்டு, கெமிக்கல் குடோன் பக்கம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

அப்புறம் வால்வு. துப்பாக்கியில் இருந்து பாட்டிலைத் திருகும்போது, பாட்டிலுக்குப் பதில் அதன் கழுத்தில் இருந்து வால்வே கழன்று வந்து, பாட்டில் ராக்கெட் போல் பாய்ந்து அமெரிக்காவில் உயிர்கள் போயிருக்கின்றன. இதற்குச் செலவில்லாத தடுப்பு ஒன்று உண்டு. வால்விலும் பாட்டில் கழுத்திலும் சேர்ந்து விழும்படி நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். திருகும்போது கோடு இரண்டாகப் பிரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். காஸ் முழுக்க இறங்கும் வரை தொடாதீர்கள். உயர் அழுத்தக் காற்று பாட்டிலின் நிரப்பு முனையில் எண்ணெய், கிரீஸ் கூடாது. வேகமாகக் காற்று ஏறும்போது தீப்பிடிக்கும்.

கழிவான பாட்டிலை என்ன செய்வது? விதிப்படி நசுக்கவோ துண்டாக்கவோ வேண்டும். முழுசாகக் காயலான் கடையில் போட்டால் யாராவது துடைத்து வால்வு மாட்டிவிடுவார்கள். எங்களிடம் கொடுத்தால் அறுத்துத் தருவோம், அலுமினியத்துக்கு எடைக்கு எடை காசு கிடைக்கும். கார்பனை எடைக்குக்கூட வாங்க ஆள் இல்லை. அதனால்தான் அது ‘நல்ல கண்டிஷன்’ என்று மறுபடி ஆன்லைனில் விற்பனைக்கு வருகிறது. பழசு வாங்குகிறீர்கள் என்றால் பணம் போடும் முன் லேபிளைத் தெளிவாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாக்குப்போக்கு சொன்னால் அந்த பாட்டில் வேண்டாம்.