துருவைக் காட்டி விலையைக் குறைப்பார்கள், விடாதீர்கள்

செங்கோட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பதால் புளியரை, ஆரியங்காவு, தென்மலை என்று எல்லைக்கு இரண்டு பக்கமிருந்தும் பழைய கார்கள் வரும். இனி ரிப்பேருக்குச் செலவழிப்பது வீண் என்றால் காயலான் கடைக்குப் போடச் சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் நடக்கும் பேரத்தைப் பார்த்தால்தான் மனசு ஆறுவதில்லை.

வாங்க வருபவர் முதல் வேலையாகக் கால் மிதியைத் தூக்கி, ஃப்ளோரை விரலால் குத்திக் காட்டுவார். "பாருங்க அண்ணாச்சி, சாரல்ல பூரா துரு ஏறிப்போச்சு. மொத்தமா ஆறாயிரம் தாரேன்." கார்க்காரருக்கு வாயடைத்துப் போகும். துருப்பிடித்த கார் ரோட்டுக்கு ஆகாது, சரி. ஆனால் அவர் ஓட்டவா வாங்குகிறார்? எடை போட்டு விற்கப்போகிறார். ஃப்ளோரில் நாலு ஓட்டை விழுந்ததால் எடை பெரிதாகக் குறையாது.

ஆர்.சி. புக்கில் 'அன்லேடன் வெயிட்' என்று வண்டியின் வெறும் எடை இருக்கும். 700 கிலோ என்றால் சீட், கண்ணாடி, டயர், பிளாஸ்டிக்குக்கு 200 கிலோ கழியுங்கள். இரும்பு கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 15,000. அறுப்புக் கூலி, வண்டி வாடகை, அவர் லாபம் எல்லாம் போனாலும் ஆறாயிரம் அநியாயம். அன்றைய இரும்பு விலையை இரண்டு கடையில் கேட்டுவிட்டுப் பேசுங்கள். எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்குங்கள்.

இரும்புக் கணக்கில் சேரக்கூடாதவையும் உண்டு. பேட்டரியில் ஈயம், இன்ஜினில் அலுமினியம். புகைக்குழாயில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கும்; அதில் விலையுயர்ந்த உலோகங்களான பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன. தெரிந்தவர்கள் அதைத்தான் முதலில் கழற்றுவார்கள். இவற்றுக்கெல்லாம் தனி விலை கேளுங்கள்.

மத்திய அரசின் 2021 விதிகளின்படி பதிவுபெற்ற வாகன அழிப்பு மையங்களிலும் விலை கேட்டுப் பாருங்கள். கேரளா நம்பரோ தமிழ்நாடு நம்பரோ, எந்த மாநிலத்து மையத்திலும் கொடுக்கலாம். வண்டியை ஒப்படைத்ததற்கு அங்கே தரும் டெபாசிட் சான்றிதழைக் காட்டினால், புதுக் கார் வாங்கும்போது சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர விதியில் இடமிருக்கிறது. அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

காசு கைக்கு வந்ததும் பலர் ஆர்.சி.யை ரத்து செய்ய மறந்துவிடுகிறார்கள். உடைப்பதாகச் சொல்லி வாங்கிய வண்டியை யாராவது ஓட்டி விபத்தானால், பதிவில் பெயர் உள்ளவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. நஷ்டஈடு உங்கள் தலையில் விழும். வண்டியை அழித்தால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவிக்கவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவு. பதிவு ரத்தான காகிதத்தைக் கையில் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.