செகண்டரி ட்ரோமாவுக்கு தமிழ் என்ன?

மற்றவை பட்ட கொடுமையைக் கேட்டுக் கேட்டு, கேக்கிறவருக்கே வாற மனக்காயத்தைத்தான் அப்பிடிச் சொல்லுறவை. போன கிழமை ஒருத்தர் இதைக் கேட்டவர், நானும் யோசிக்காம "இரண்டாம்நிலை" எண்டு எழுதிப்போட்டன், பிறகு பாத்தா ஏதோ பள்ளிக்கூடக் கல்வி மாதிரிக் கிடக்கு. செகண்ட்ஹாண்ட் எண்டு போனா இன்னும் மோசம், பாவிச்ச சைக்கிள் விக்கிற கதையா முடிஞ்சிடும்.

ட்ரோமா கிரேக்கச் சொல்லு, கருத்து வெறும் காயம்தான். ஆஸ்பத்திரியில எக்சிடென்ட் கேசுகளுக்கு இண்டைக்கும் அதே அர்த்தத்திலதான் சொல்லுறவை, மனசுக்கு அது பிந்தித்தான் வந்தது. எங்கட பக்கம் மனவடு எண்டுறம், யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் எழுதின புத்தகத்துக்கும் அதுதான் பேர். காயம் வேற வடு வேறதானே எண்டு சிலர் சண்டைக்கு வருவினம், ஆனா தீ சுட்டது புண், அது ஆறும், நா சுட்டது வடு, ஆறாது எண்டு வள்ளுவர் பிரிச்சு வச்சிருக்கிறார். அவர் சொன்னது சுடுசொல்லை, எண்டாலும் காதால வந்தது வடுவாகும் எண்ட கணக்கு இங்கயும் பொருந்துது.

ஏனெண்டா இது காதால வாற வருத்தம். 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு என்ர சிநேகிதன் ஒருத்தன் வடமராட்சி கிழக்குச் சனம் இருந்த முகாமில பேர் பதிஞ்சவன், காணாமல் போன பிள்ளையின்ர சட்டை என்ன நிறம் எண்டு தாய்மாரிட்டக் கேட்டு எழுதுறது அவன்ர வேலை, அலையைக் கண்ணாலயும் காணேல்ல, ஆனா மாதக்கணக்கா நித்திரை இல்லை.

இதுக்கு மக்கேன், பேர்ல்மன் எண்ட ரெண்டு உளவியலாளர் 1990ல வச்ச பேர் விகேரியஸ் ட்ரோமா. லத்தீன் வேருக்கு மற்றவருக்குப் பதிலா நிக்கிறவர் எண்டு கருத்து, சேர்ச்சில விக்கார் எண்டுறமே அதே வேர்தான். எனக்குப் பிடிச்சது "பிறர்வழி மனவடு". நீளம்தான், ஆனா ஆரிட்ட இருந்து வந்தது எண்டு சொல்லுது.

எல்லாம் நல்லா வரும் எண்டு நினைக்கிற ஒப்டிமிசத்துக்கும் தமிழ் என்ன எண்டு அதே ஆள் சேர்த்துக் கேட்டவர். அது "ஆகச் சிறந்தது" எண்ட லத்தீன் சொல்லில இருந்து 18ம் நூற்றாண்டுப் பிரெஞ்சில பிறந்தது, கடவுள் படைச்சதுக்குள்ள இதுதான் ஆகச் சிறந்த உலகம் எண்ட ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்சின்ர வாதத்துக்கு வச்ச பேர், 1755 லிஸ்பன் பூமியதிர்ச்சியோட கனபேர் அதை நக்கலடிக்கத் தொடங்கிச்சினம். தமிழில நன்னம்பிக்கை எண்டுறம். தொல்காப்பியத்தில "நம்பு" எண்டா நசை, அதாவது விருப்பம். எல்லாம் நல்லா வரும் எண்ட கணக்கே இல்லை, வரோணும் எண்ட ஆசை மட்டும்தான். நிவாரணத்துக்கு உலருணவுப் பொதி கட்டுற பொடியளிட்ட இருக்கிறது இந்த ரகம் எண்டுதான் நான் நினைக்கிறன்.

சிநேகிதன் இப்பவும் வெள்ளம் எண்டா முதல் ஆளா லொறியில ஏறுவான். பேர் பதியிற மேசையில மட்டும் இருக்கமாட்டான்.