கிட்டார் விலையில் எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

சென்ற ஐப்பசி அடைமழையின்போது, தங்கச்சிமடத்தில் கோயில் பாடகர் குழுவில் வாசிக்கும் தம்பி ஒருவர், வளைகுடாவிலிருக்கும் தம் அண்ணன் வாங்கி அனுப்பிய கிட்டாரை இராமநாதபுரத்திலுள்ள என் பட்டறைக்குக் கொண்டுவந்து, "ஒன்னேமுக்கால் லட்சம்ணே, ஆனா கம்பியை அமுக்கவே முடியல" என்றார். கழுத்தில் பதித்த உலோகப் பட்டிகளான ஃப்ரெட்டுகளில் 12ஆவதன்மேல் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டிய தடித்த கம்பி 4 மில்லிமீட்டரில் நின்றது. கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகை லேசாக உப்பியிருந்தது.

இதில் தயாரிப்புக் குறை எதுவும் இல்லை. காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடுவரை உள்ள இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய முழுமரக் கிட்டார், நம் கடற்கரையின் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கத்தான் செய்யும். அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகையில் செய்த 12,000 ரூபாய்க் கிட்டார், ஒலியில் ஒரு படி கீழே இருந்தாலும், இந்த அளவுக்கு உப்புவதில்லை.

விலை ஏற ஏற நல்ல மரமும் நேர்த்தியான ஃப்ரெட் வேலையும் கிடைப்பது உண்மைதான். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் நாம் பணம் கொடுப்பது பெயருக்கும், எளிதில் கிடைக்காத பொருள் என்பதற்கும்தான். பிரேசில் ரோஸ்வுட்டின் பன்னாட்டு வணிகம் 1992இல் தடைசெய்யப்பட்டபின், அம்மரத்தில் செய்த கிட்டார்கள் நகையைப் போல விலைபேசப்படுகின்றன. அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான மார்ட்டினோ 1969இலேயே அதற்கு மாற்றாக நம் நாட்டு ஈட்டி மரத்துக்கு மாறிவிட்டது. கண்ணை மூடிக் கேட்டு இரண்டையும் பிரித்துச் சொன்னவர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. மற்றோர் அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் 1990களிலிருந்து புதுக் கிட்டாரைத் தேய்த்து, துருவேற்றி, பழையதாக்கிக் கூடுதல் விலைக்கு விற்றுவருகிறது. (பாம்பனில் திறந்த சன்னலருகே ஒரு பருவம் வைத்தால் அந்தத் துரு காசில்லாமலே ஏறிவிடும்.)

ஆகவே வாங்குமுன் பெயரைப் பார்ப்பதோடு நில்லாமல், கம்பியின் உயரத்தை அளந்து, ஃப்ரெட்டின் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். கையிருப்பு முழுவதையும் கிட்டாரிலேயே போட்டுவிடாமல், கெட்டியான பெட்டிக்கும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுக்கும் துருப்பிடிக்காமலிருக்கப் பூச்சுள்ள கம்பிகளுக்கும் கம்பி உயரம் முதலியவற்றைச் சரிசெய்யும் செட்டப் கூலிக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

அந்தத் தம்பியின் கிட்டாரில், பிரிட்ஜின்மேல் கம்பிகளைத் தாங்கும் துண்டான சேடிலை நான் உயரம் குறையத் தேய்க்கவில்லை. உயரம் குறைந்த வேறொன்றை எலும்பில் இழைத்துப் பொருத்தி, பழையதைப் பெட்டிக்குள்ளேயே பத்திரப்படுத்தச் சொன்னேன். பங்குனி வெயிலில் பலகை இறங்கும்போது அது தேவைப்படும். கூலி 800 ரூபாய்.