அவுன்ஸ்: ஒரு சொல், இரண்டு அளவை

'ஒரு கப் என்றால் 8 அவுன்ஸ்' என்று எங்கோ படித்துவிட்டு, தராசில் 8 அவுன்ஸ் மாவை நிறுத்துப் போட்டால் 227 கிராம் விழும். குறிப்பு எழுதியவர் மனத்தில் இருந்ததோ ஏறக்குறைய 125 கிராம். பிசைந்தது கல்லாகிப் போனால் கையைக் குறை சொல்ல வேண்டாம், குழப்பம் சொல்லில்தான்.

இலத்தீனில் 'உன்சியா' என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. ரோமானியர் 'லிப்ரா' என்ற எடையின் பன்னிரண்டில் ஒன்றை அப்படி அழைத்தார்கள். அடிக்கோலின் பன்னிரண்டில் ஒன்றும் உன்சியாதான். 'இஞ்ச்' வந்தது அங்கிருந்தே. எத்தனையில் ஒரு பங்கு என்று சொன்ன சொல், எதை அளக்கிறோம் என்று ஒருபோதும் சொல்லவில்லை. பிற்காலத்தில் பிரிட்டனில் ஒரு அவுன்ஸ் தண்ணீர் கொள்ளும் இடத்துக்கும் அதே பெயர் நிலைத்தது.

இன்று எடை அவுன்ஸ் 28.35 கிராம். இடத்தை அளக்கும் இன்னொரு அவுன்ஸ் அமெரிக்காவில் 29.57 மில்லி, பிரிட்டனில் 28.41 மில்லி. தண்ணீரை மட்டும் அளந்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. அந்த 8 அவுன்ஸ் அமெரிக்கக் கப்பில் தேனை ஊற்றினால் எடை 12 அவுன்ஸ். மாவு என்றால் நாலரைகூடத் தேறாது. (கப்பும் ஒன்றல்ல: அமெரிக்காவில் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200.)

தமிழ் இந்த இரண்டையும் எப்போதோ பிரித்துவிட்டது. 'அளவும் நிறையும்' என்று தொல்காப்பியம் இரண்டாகவே சொல்கிறது. அங்கே 'அளவு' என்றால் முகத்தல் அளவை. உரைகாரர் இன்னும் நுட்பமாக நிறுத்தளத்தல், பெய்தளத்தல், தேங்கமுகந்தளத்தல் என்று வகைப்படுத்துகிறார்கள். ஊற்றி அளப்பது வேறு, அள்ளி அளப்பது வேறு. மாவில் சோதித்துப் பாருங்கள்: கரண்டியால் தூவி நிரப்பிய கப் 120 கிராம் நிற்கும், கப்பையே மாவுக்குள் விட்டு அள்ளினால் அழுந்தி 150 வரை போகும். கப் அதேதான், மாறியது வினைச்சொல். எண்ணெய்க்கு இந்தத் தொல்லை கிடையாது.

இடத்தை அளக்கும் அவுன்ஸுக்குச் சரியான தமிழ் என்ன? 'திரவ அவுன்ஸ்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கப்பை வைத்து மாவையும்தானே அளக்கிறோம்? 'எடை அவுன்ஸ்', 'முகத்தல் அவுன்ஸ்' என்றால் எந்தக் கருவியை எடுக்க வேண்டும் என்பதும் சொல்லிலேயே தெரிந்துவிடும். 'கொள்ளளவு' பாத்திரத்துக்குரிய சொல். உள்ளே இருக்கும் பொருள் அடைக்கும் இடத்துக்குக் 'கன அளவு'. இயற்பியல் ஆசிரியரைக் கேட்டால் தராசு கிராமில் காட்டுவது 'நிறை', 'எடை' அல்ல என்பார். அவர் சொல்வது சரிதான். ஆனாலும் அடுப்படியில் 'எடை' என்றே இருக்கட்டும்.