நெட் ஓடுது, விபிஎன் மட்டும் ஓடலையா? விதி உங்கள் பக்கம்தான்

கோவை சரவணம்பட்டியில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு யூடியூப் தடங்கலில்லாமல் ஓடும். அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும். லைன் பார்க்க வருபவர், "நெட் வருதுல்லங்க, எங்க பக்கம் ஒண்ணும் இல்லீங்க" என்று கிளம்பிவிடுவார். அத்தோடு விட வேண்டியதில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 நவம்பரில் தந்த பரிந்துரையை ஏற்று, தொலைத்தொடர்புத் துறை 2018-ல் இணையச் சேவை நிறுவனங்களின் உரிம நிபந்தனையைத் திருத்தியது. இணையத்தில் போய்வரும் எதையும் பாகுபாடில்லாமல் நடத்த வேண்டும் என்கிற நெட் நியூட்ராலிட்டி விதி இதுதான். இணையதளங்களுக்கு மட்டுமான விதி என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் எந்த புரோட்டோகால் (தரவு அனுப்பும் முறை), எந்தக் கருவி என்று பார்த்துப் பாகுபாடு காட்டுவதையும் அது தடுக்கிறது. மறிப்பது, வேகம் குறைப்பது, சிலதுக்கு மட்டும் முன்னுரிமை கொடுப்பது மூன்றும் இதில் அடங்கும். "பழக்கமில்லாத டிராஃபிக், அதனால் நிறுத்தினோம்" என்பது காரணமே ஆகாது. நீதிமன்ற, அரசு உத்தரவுகளுக்கு விலக்கு உண்டு. நெரிசலைச் சமாளிக்கவும் கட்டுப்படுத்தலாம். அது அளவோடு, தற்காலிகமாக, வெளிப்படையாக இருக்க வேண்டும். பல விபிஎன்கள் பயன்படுத்தும் யுடிபி என்ற புரோட்டோகாலை மாதக்கணக்கில் மறிப்பது தற்காலிகம் அல்ல.

புகாருக்கு முன் சோதனை அவசியம், ஏனென்றால் எல்லாமே மறிப்பு அல்ல. சோமனூர் தறிக்குடோன் கேமராவை வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை என்றால், ரூட்டரில் வான் ஐபியை (வெளிப்பக்க இணைய முகவரி) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் அது சிஜிநாட்: ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்கின்றன. இது விதிமீறல் இல்லை. உங்களுக்கென்று மாறாத பொது முகவரியான ஸ்டாட்டிக் ஐபி கேட்டு வாங்க வேண்டும். விபிஎன் இணைந்த பிறகு பெரிய ஃபைல் மட்டும் தொங்கினால், விபிஎன் செட்டிங்கில் எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1280 ஆக்கிப் பாருங்கள். சரியானால் அது பாக்கெட் அளவுச் சிக்கல்.

விபிஎன் இணையவே இல்லையா? அதே லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பாருங்கள். அங்கே இணைந்து, ஃபைபரில் யுடிபி நின்று டிசிபி 443 (இணையதளங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் புரோட்டோகாலும் போர்ட்டும்) மட்டும் போனால், மறிப்பு என்று சந்தேகிக்கலாம். அதற்குமுன் உங்கள் ரூட்டர் ஃபயர்வாலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புகார் கேபிள்காரரிடம் அல்ல, பில்லில் பெயர் உள்ள நிறுவனத்திடம். "நெட் ஸ்லோ" என்று எழுதினால் ஸ்பீடு டெஸ்ட் எடுத்துக் காட்டி மூடிவிடுவார்கள். நாள், நேரம், போர்ட் எண், யுடிபியா டிசிபியா, ஹாட்ஸ்பாட்டில் கண்டது எல்லாம் எழுதி டாக்கெட் எண் (புகார் எண்) வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிக்க வேண்டும். அங்கும் தீராவிட்டால், தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர் பிரிவுக்கு மத்திய அரசின் சிபிகிராம்ஸ் தளம் வழியாக அனுப்பலாம். தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை.

அதுவரை வேலை நிற்காமலிருக்க, விபிஎன்னை டிசிபி 443க்கு மாற்றித் தரும்படி அலுவலக ஐடி பிரிவைக் கேளுங்கள். வேகம் கொஞ்சம் குறையும்.